விற்பனைப் படம்: எடுக்குமுன் திட்டமிடுவோம்

நிவாரண வரிசையில் நின்ற நம்மைப் பிறர் தம் விருப்பப்படி படம் பிடித்தனர். நமது பனங்கட்டியை இணையத்தளத்தில் விற்கும்போது, நமது படத்தை நாமே தீர்மானிப்போம்.

வாங்குபவர் கேட்கக்கூடியவற்றை முதலில் எழுதுவோம்: செய்பவர் யார்? எப்படிச் செய்கிறார்? எவ்வளவு பெரியது? ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் போதும்.

1. உழைப்பவரின் முகமும் கைகளும். வேலை உடையே போதும்; இரவல் சேலை வேண்டாம்.

2. சுண்ணாம்பு தடவிய முட்டியில் இறக்கிய கருப்பநீர், தாச்சியில் காய்வது. பருவம் முடிந்தால் இப்படம் கிடையாது, முன்கூட்டியே எடுப்போம்.

3. உள்ளங்கையில் ஓலைக் குட்டான், அளவு விளங்கும்.

உச்சி வெயில் முகத்தில் கருநிழல் விழுத்தும். காலை, மாலை வெளிச்சமே நல்லது. கைத்தொலைபேசியின் வில்லையைத் துடைப்போம். படத்தில் விழும் அயலவரிடம் அனுமதி கேட்போம்.

படத்தில் காட்டிய தரமே பொதியிலும் போகவேண்டும்.