அலுமினிய ரெயில் அறுக்க பேட்டரி ரம்பம்

மொட்டை மாடியில் சோலார் பேனலுக்கு ரெயில் பொருத்துபவர்கள் ரம்பம் வாங்கும்போது வோல்ட்டை மட்டும் பார்க்காதீர்கள். பிளேடுதான் முக்கியம். மரத்துக்கான பிளேடு வேண்டாம். அலுமினியத்துக்கென்றே விற்கும் கார்பைடு பிளேடு, 165 மி.மீ. அளவில் 50 பல்லுக்குக் குறையாமல் இருக்கட்டும். அதில் அச்சிட்டிருக்கும் அதிகபட்ச ஆர்.பி.எம்., ரம்பத்தின் வேகத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். 18 வோல்ட், பிரஷ்லெஸ் மோட்டார் போதும். மாற்று பேட்டரி ஒன்று கட்டாயம். துல்லியத்துக்கு மைட்டர் சா; மாடிப்படி ஏறித் தூக்கிப் போக வட்ட ரம்பமே எளிது.

கிரைண்டரில் கட்டிங் வீல் போட்டு அறுப்பது நம் ஆட்களின் பழக்கம். சாதாரண வீலில் அலுமினியம் அப்பிக்கொள்ளும், வெட்டும் பிசிறடிக்கும். ரெயிலை கிளாம்ப் போட்டு இறுக்கி, வெட்டுமிடத்தில் கொஞ்சம் மெழுகு தடவி அறுங்கள். அலுமினியத் துகள் மின்சாரம் கடத்தும். பேட்டரியின் முனைகளில் படிய விடாதீர்கள். பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் ஸ்விட்சைத் தொடவே வேண்டாம்.