பருத்தி வேரைக் கழுவிப் பாருங்க

நூற்பாலை ஊரான ராஜபாளையம், பருத்தி ஆராய்ச்சி நிலையம் உள்ள ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துச் சம்சாரிகளுக்குப் பருத்தி புதுசில்லை. ஆனாலும் சில காடுகளில் செடி திட்டுத்திட்டாகக் குட்டையாக நிற்கும். மதியம் தொங்கும், சாயங்காலம் நிமிரும். சத்துக் குறைவு என்று ஜீவாமிர்தத்தைக் கூட்டி விட்டாலும் திட்டு மறையாது. அப்போது வேரைப் பார்க்கணும்.

செடியைப் பிடித்து இழுக்காதீங்க, சல்லிவேர் அறுந்து மண்ணிலேயே தங்கிவிடும். மண்வெட்டியால் தோண்டி எடுத்து, வாளித் தண்ணீரில் மெதுவாக அலசுங்க. வேரே வீங்கி முடிச்சு முடிச்சாக இருந்தால் வேர்முடிச்சு நூற்புழு. மலையடிவாரத்து மணல் கலந்த செம்மண் இதற்குத் தோது. முடிச்சே இல்லை, அலசியும் சல்லிவேரில் மண் பொடிப்பொடியாக ஒட்டியிருக்கிறது என்றால், சிறுநீரக வடிவ நூற்புழுவைச் சந்தேகப்படணும். பெண் புழு தலையை வேருக்குள் சொருகிக்கொண்டு வெளியே பசைக்குள் முட்டையிடும். அந்தப் பசையில்தான் மண் பிடிக்கிறது. களிப்பான கரிசலிலும் இது செழிக்கும்.

புழு துளைத்த வேரில் வாடல் பூஞ்சாணமும் சுலபமாக ஏறும். பருத்தியில் இதை 1892-லேயே அமெரிக்காவில் அட்கின்சன் எழுதிவிட்டார்.

இங்கேதான் நம் வழக்கம் ஒன்று இடறுகிறது. பருத்திக்கு ஊடே உளுந்து, பாசிப்பயறு, தட்டாம்பயறு போடுகிறோம். மண்ணுக்கு நல்லதுதான், ஆனால் இந்த இரண்டு புழுவுக்கும் அவை விருந்து. சோயாவும் அப்படித்தான். வரப்போர ஆமணக்குகூடச் சிறுநீரக வடிவப் புழுவை வளர்க்கும். புழு கண்ட காட்டில் இவை வேண்டாம். (பயறு வேரில் முடிச்சைப் பார்த்துப் பயந்துவிடாதீங்க. விரலால் தள்ளினால் உதிர்ந்து, உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது தழைச்சத்து தரும் நல்ல முடிச்சு.)

பருத்தியைத் தாக்கும் இந்த இரண்டு புழுவும் நிலக்கடலையில் பெருகாது. சோளமும் மக்காச்சோளமும் சிறுநீரக வடிவப் புழுவைப் பட்டினி போடும். வேர்முடிச்சுப் புழுவோ மக்காச்சோளத்திலும் பெருகும். அதனால்தான் எந்தப் புழு என்று தெரியாமல் பயிர் மாற்றக்கூடாது என்கிறோம். சணப்பை நெருக்கி விதைத்துப் பூக்கும்போது மடக்கி உழுதால் இரண்டும் குறையும். கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம்புண்ணாக்கு போடலாம். கோடை உழவு வேர்முடிச்சுப் புழுவைக் காயவைக்கும். மற்றது காய்ச்சலைத் தாங்கிக் கிடக்கும், அதை மட்டும் நம்பாதீங்க.

பரிசோதனைக்கு மண் கொடுப்பவர்கள் செத்த செடியடியில் எடுக்க வேண்டாம். திட்டின் ஓரத்தில், உயிருள்ள சல்லிவேரோடு எடுங்க. சத்துப் பரிசோதனை மண்ணைப் போல உலர்த்திவிடாமல், ஈரத்தோடு பையில் கட்டி நிழலில் கொண்டுபோங்க. புழு உயிரோடு இருந்தால்தான் சரியாகப் பிரித்து எண்ண முடியும்.