வீட்டுக்கு வழி சொல்லும் படம்

வீட்டைவிட்டுக் கிளம்பும்போது ‘போகிறேன்’ என்று சொன்னால் தமிழ்க் குடும்பத்துப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். ‘போய் வருகிறேன்’ என்றுதான் சொல்லவேண்டும். விடைபெறும்போதே திரும்பி வருவதாகவும் வாக்களித்துவிடும் பழக்கம் இது. ஆனால், திரும்பி வரும்போது ஊரே மாறிப்போயிருந்தால்? சிங்கப்பூரில் இது வெறும் கற்பனைக் கேள்வியன்று. ‘7 லெட்டர்ஸ்’ என்னும் திரைப்படம் இந்தக் கேள்வியைத்தான் வெவ்வேறு விதமாகக் கேட்கிறது.

சிங்கப்பூர் பொன்விழாக் கொண்டாடிய 2015ஆம் ஆண்டில் வெளிவந்த தொகுப்புப் படம் அது. தனித்தனிக் குறும்படங்கள் சேர்ந்து ஒரே படமாக அமைவதைத் தொகுப்புப் படம் என்பர். ஐந்து இயக்குநர்கள் உருவாக்கி, 2020இல் வெளியான தமிழ்ப் படமான ‘புத்தம் புது காலை’யும் இவ்வகையே. ‘7 லெட்டர்ஸ்’ படத்துக்கான முயற்சியை இயக்குநர் ராய்ஸ்டன் டான் தொடங்கினார். எரிக் கூ, ஜேக் நியோ, கே. ராஜகோபால், டான் பின் பின், பூ ஜுன்ஃபெங், கெல்வின் டோங் ஆகியோர் அவருடன் கைகோத்தனர். நாட்டுக்கு எழுதப்பட்ட ஏழு அன்புக் கடிதங்கள் என்று இப்படத்தைச் சொல்லலாம். பிறந்தநாள் வாழ்த்தில் கொண்டாட்டத்தைத்தான் எதிர்பார்ப்போம். இக்கடிதங்களில் பலவும் பிரிவைப் பற்றிப் பேசுவது சற்று வியப்பானது.

ராஜகோபால் இயக்கிய ‘தி ஃபிளேம்’, பிரிட்டிஷ் படைகள் சிங்கப்பூரைவிட்டு வெளியேறிய காலத்தில் ஓர் இந்தியக் குடும்பத்துக்குள் நடக்கும் கதை. குடும்பத்தோடு இங்கிலாந்தில் குடியேறவேண்டும் என்பது தந்தையின் எண்ணம். மகனும் மருமகளும் அதை எளிதில் ஏற்க முடியாமல் தவிக்கிறார்கள்.

அந்தத் தவிப்பைப் புரிந்துகொள்ளச் சிறிது வரலாறு தெரிந்திருக்கவேண்டும். 1971ஆம் ஆண்டு முடிவதற்குள் தன் படைகளை மீட்டுக்கொள்ளப்போவதாக 1968 ஜனவரியில் பிரிட்டன் அறிவித்தது. அப்போது சிங்கப்பூரின் பொருளியலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அந்தப் படைத்தளங்களை நம்பியிருந்தது. செம்பவாங் கடற்படைத் தளத்தில் தமிழர்களும் மலையாளிகளும் பெருமளவில் வேலை பார்த்தனர். வேலை மட்டுமன்று, வீடு, கடை, கோயில், அண்டை அயலார் என எல்லாமே தளத்தைச் சுற்றித்தான். இந்தியாவுக்குத் திரும்புவதா, பிரிட்டனுக்குப் போவதா, விடுதலை பெற்றுச் சில ஆண்டுகளே ஆன இந்தச் சிறு நாட்டிலேயே தங்குவதா என்று ஒவ்வொரு குடும்பமும் முடிவெடுக்கவேண்டியிருந்தது. போனவர்கள் உண்டு; தங்கியவர்களும் உண்டு. கடற்படைத் தள ஊழியர்கள் அமைத்த முருகன் கோயில், புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம் என்ற பெயரில் இன்று யீஷூனில் இருக்கிறது. ஆண்டுதோறும் அங்கே பங்குனி உத்திரம் நடைபெறுகிறது.

பூ ஜுன்ஃபெங் இயக்கிய ‘பார்ட்டிங்’, இளமையில் பிரிந்த சீனப் பெண்ணைத் தேடி மலேசியாவிலிருந்து ரயிலில் வரும் மலாய் முதியவரின் கதை. அவர் நினைவில் இருப்பது தஞ்சோங் பகார் நிலையம். 1932இல் திறக்கப்பட்ட அந்நிலையத்திலிருந்து கடைசி ரயில் 2011 ஜூன் 30ஆம் தேதி இரவு புறப்பட்டது. ஜொகூர் சுல்தானே அதை ஓட்டிச் சென்றார். அதன்பின் மலேசிய ரயில்கள் உட்லண்ட்ஸ் வரைதான் வந்தன.

ஏழிலும் மனத்தைவிட்டு நீங்காதது கெல்வின் டோங்கின் படம். அதன் பெயர் ‘கிராண்ட்மா பொசிஷனிங் சிஸ்டம்’. வழிகாட்டும் ஜிபிஎஸ் கருவியின் பெயருக்குள் பாட்டியைக் கொண்டுவந்துவிட்டார் இயக்குநர்! சீனர்கள் முன்னோரை வணங்கும் சிங் மிங் காலத்தில் ஒரு குடும்பம் மலேசியாவிலுள்ள தாத்தாவின் கல்லறைக்குச் செல்கிறது. வழிபாடு முடிந்தபின், சிங்கப்பூரிலுள்ள வீட்டுக்கு எப்படி வருவது என்று பாட்டி தாத்தாவிடம் விளக்குகிறார். எந்தக் கட்டடம் போய்விட்டது, அந்த இடத்தில் என்ன வந்திருக்கிறது என்றெல்லாம் சொல்கிறார். வழி தெரியாமல் தாத்தாவின் ஆவி திண்டாடக்கூடாது அல்லவா?

இதைக் கேட்டு முதலில் சிரிப்பு வரும். பிறகு நம் வீட்டுப் பெரியவர்கள் நினைவுக்கு வருவார்கள். 1970களில் மறைந்த ஒரு தமிழ்த் தாத்தாவுக்கு லிட்டில் இந்தியாவுக்கு வழி சொல்வதாக வைத்துக்கொள்வோம். “தேக்கா சந்தை பழைய இடத்தில் இல்லை, 1982இல் சாலையின் எதிர்ப்பக்கத்துக்கு மாற்றிவிட்டார்கள். நடுவில் அதன் பெயரையும் மாற்றினார்கள், 2000இல் மறுபடியும் தேக்கா என்று வைத்துவிட்டார்கள். பேருந்துக்காகக் காத்திருக்க வேண்டாம். 2003 முதல் பூமிக்கு அடியில் ரயில் ஓடுகிறது. ஏறி வந்தால் சந்தைக்குப் பக்கத்திலேயே இறங்கலாம்.” ஒருவருக்கு வழி சொல்லப் போய், நகரத்தின் வரலாற்றையே சொல்லவேண்டியிருக்கிறது!

ஒரு கட்டத்தில் பாட்டியும் மறைந்துவிடுகிறார். இனி வழி சொல்ல யாரும் இல்லை என்ற நிலையில், பேரன் வாய் திறக்கிறான். வீட்டுக்கு வரும் வழியை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்குகிறான். அவனை உட்கார வைத்து யாரும் அதைக் கற்றுக்கொடுத்ததில்லை. பாட்டி சொல்லும்போது கேட்டுக்கொண்டிருந்தான், அவ்வளவுதான்.