முதல் நியமனம் தீவுக்கு வந்தால்

அரசாங்கத் தாதியர் கல்லூரியில் 3 வருஷம் படித்து முடித்த பிள்ளைக்கு சுகாதார அமைச்சின் நியமனக் கடிதம் வருகிறது. ஆஸ்பத்திரி வேலணை என்று கண்டதும் சில பெற்றோர், "வேணாம் புள்ள, கடல் தாண்டிப் போகாத" என்கிறார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தால் பஸ்ஸிலேயே போகலாம்; சாட்டிக் கடற்கரையும் அந்தத் தீவில்தான். நெடுந்தீவு என்றால்தான் குறிகட்டுவானில் படகு ஏற வேண்டும். ஒரு மணித்தியாலம் வரை ஆகும். கடுமையான நோயாளியை யாழ்ப்பாணம் அனுப்பும்வரை டாக்டரோடு நின்று பார்ப்பது தாதிதான். வேலை பழக அதைவிட நல்ல இடம் ஏது? நோயாளியும் தமிழ்தான் பேசுவார். மறுக்குமுன் தங்குமிடம் உண்டா என்று ஆஸ்பத்திரியிலேயே கேளுங்கள்.

தனியார் ஆஸ்பத்திரி என்றால் நியமனக் கடிதம் கேட்டு வாங்குங்கள். சேமலாப நிதி தோட்டத்தில் போலத்தான்: பிள்ளையின் சம்பளத்தில் 8 சதவீதம், முதலாளி 12. மூலச் சான்றிதழைக் காட்டலாம், கொடுத்துவிட வேண்டாம்.