சிக்னல் மறைந்தால்: பழுதா, திருட்டா?

கைபேசித் திரையின் மேல் ஓரத்தில் தெரியும் சிறு கோடுகள் திடீரென மறைந்து, ‘சேவை இல்லை’ என்ற சொற்கள் தோன்றுகின்றன. கோபுரத்தில் ஏதோ கோளாறு என்று எண்ணி, கைபேசியை மேசைமீது வைத்துவிட்டு நாம் வேறு வேலையைப் பார்க்கிறோம். பெரும்பாலான வேளைகளில் அந்த எண்ணம் சரியாகவே இருக்கும். ஆனால் அந்த எண் வங்கிக் கணக்குடன் இணைக்கப்பட்டதாயின், காரணத்தை அறியாமல் விட்டுவிடுவது பாதுகாப்பன்று. நம் எண்ணுக்கு வேறொருவர் மாற்று சிம் அட்டை பெற்றுவிட்டாலும், நம் கைபேசியில் முதலில் தெரியும் அடையாளம் இதே ‘சேவை இல்லை’ என்பதுதான். சாதாரணப் பழுதையும் இத்தகைய மோசடியையும் கால் மணி நேரத்தில் பிரித்தறிய முடியும். அதற்கான வழிமுறையை இக்கட்டுரையில் காண்போம்.

சிம் அட்டை செய்யும் பணி

நம் தொலைபேசி எண் கைபேசிக் கருவிக்குள் இருப்பதாகப் பலரும் கருதுகின்றனர். உண்மையில், சிம் அட்டையில் ஓர் அடையாள எண்ணும் ஓர் இரகசியக் குறியீடும் பதிக்கப்பட்டுள்ளன. தொலைத்தொடர்பு நிறுவனம் தன் பதிவேட்டில், ‘இந்தத் தொலைபேசி எண் இந்த அட்டைக்கு உரியது’ என்று குறித்து வைத்திருக்கிறது. மாற்று அட்டை வழங்கப்படும்போது அந்தக் குறிப்பு புதிய அட்டைக்கு மாற்றப்படுகிறது; பழைய அட்டை அப்போதே செயலிழக்கிறது. அதன்பின் வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல் புதிய அட்டை வைத்திருப்பவரையே சென்றடையும்.

வீட்டில் வைஃபை இணைப்பு இருப்போர் மேலும் விழிப்புடன் இருத்தல் வேண்டும். சிம் அட்டை செயலிழந்த பின்னரும் வாட்ஸ்அப் செய்திகளும் காணொளிகளும் வழக்கம்போல் வந்துகொண்டிருப்பதால், சிக்னல் போனதையே அவர்கள் பல மணி நேரம் அறியாதிருக்கக்கூடும்.

ஐந்து சோதனைகள்

எளியதிலிருந்து தொடங்கி, கீழ்க்காணும் வரிசையில் சோதித்துப் பாருங்கள்.

1. அதே நிறுவனத்தின் இணைப்பை வைத்திருக்கும் ஒருவரது கைபேசியைப் பாருங்கள். அதிலும் சிக்னல் இல்லையெனில், குறை அப்பகுதியின் கோபுரத்தில் இருக்கலாம். அவருக்குச் சிக்னல் இருந்து உங்களுக்கு மட்டும் இல்லையெனில் அடுத்த சோதனைக்குச் செல்லுங்கள்.

2. ஏரோப்ளேன் மோடை இயக்கி, பத்து விநாடி கழித்து நிறுத்துங்கள். பயன் இல்லையெனில் கைபேசியை ஒருமுறை அணைத்து மீண்டும் இயக்குங்கள். கோபுரத்துடனான தொடர்பு இதனால் புதிதாக ஏற்படுகிறது; சிறு தடங்கல்கள் பலவும் இதிலேயே தீர்ந்துவிடும்.

3. அமைப்புகள் பகுதியில் உங்கள் சிம் இயக்கத்தில் உள்ளதா, நெட்வொர்க் தேர்வு தானியங்கி முறையில் உள்ளதா என்று பாருங்கள். பிறகு கைபேசியை அணைத்து, சிம் அட்டையை வெளியே எடுத்து, உலர்ந்த மென்துணியால் துடைத்து மீண்டும் பொருத்துங்கள்.

4. அந்த அட்டையை வேறொரு கைபேசியில் இட்டுப் பாருங்கள். அங்கே சிக்னல் கிடைத்தால் பழுது உங்கள் கருவியில்தான். எண் பாதுகாப்பாக உள்ளது. அங்கும் கிடைக்கவில்லையெனில், அட்டை பழுதடைந்திருக்கலாம்; அல்லது எண் கைமாறியிருக்கலாம். கருவிக்குள்ளேயே அமைந்த இ-சிம் பயன்படுத்துவோர் இச்சோதனையை விடுத்து அடுத்ததற்குச் செல்லலாம்.

5. வேறொரு தொலைபேசியிலிருந்து உங்கள் எண்ணை அழையுங்கள். உங்கள் கைபேசி அமைதியாக இருக்க, எதிர்முனையில் மணி ஒலிப்பது கேட்டால், அழைப்பு வேறெங்கோ செல்கிறது என்று பொருள். இதை அபாய அறிகுறியாகவே கொள்க. ‘அணைத்து வைக்கப்பட்டுள்ளது’ என்ற அறிவிப்பு கேட்டாலும் ஐயம் முற்றிலும் தீர்ந்துவிடாது. ஆகவே தொலைத்தொடர்பு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையை அழைத்து, “என் எண்ணுக்கு மாற்று சிம்மோ இ-சிம்மோ வழங்கப்பட்டுள்ளதா? வேறு நிறுவனத்துக்கு மாற்றும் விண்ணப்பம் ஏதும் வந்துள்ளதா?” என்று நேரடியாகக் கேளுங்கள். இக்கேள்விக்கான விடையே முடிவைத் தெரிவிக்கும்.

மோசடி எனத் தெரிந்தால்

முதல் அழைப்பு வங்கிக்கே செல்ல வேண்டும். இணைய வங்கிச் சேவை, யுபிஐ, அட்டைகள் அனைத்தையும் நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் கூறி அந்த எண்ணை முடக்குங்கள். பணம் சென்றுவிட்டது எனத் தெரிந்தால், தேசிய உதவி எண்ணாகிய 1930-ஐ உடனே அழையுங்கள். பணம் ஒரு கணக்கிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிச் செல்லுமுன் அதைத் தடுத்து நிறுத்த இந்த விரைவு உதவும்.

மாற்று சிம் இயங்கத் தொடங்கிய முதல் 24 மணி நேரத்துக்குக் குறுஞ்செய்தி வசதியை நிறுத்திவைக்குமாறு தொலைத்தொடர்புத் துறை 2022-ஆம் ஆண்டில் நிறுவனங்களுக்கு ஆணையிட்டது. அன்றைக்கே விழித்துக்கொள்பவருக்கு இது பெரும் பாதுகாப்பு. அதே வேளையில், குரல் அழைப்பு வழியாகவும் கடவுச்சொல் பெறப்படலாம் என்பதால் இந்த அவகாசத்தை நம்பித் தாமதித்தல் கூடாது.

இந்திய ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வகுத்த நெறிமுறையும் நேரத்தையே அளவுகோலாகக் கொண்டது. தவறு வங்கியிடமும் இன்றி வாடிக்கையாளரிடமும் இன்றி வேறிடத்தில் நிகழ்ந்து, வங்கியின் அறிவிப்பு கிடைத்த மூன்று வேலைநாட்களுக்குள் புகார் செய்தால், வாடிக்கையாளருக்கு இழப்புப் பொறுப்பு இல்லை என்கிறது அது. கடவுச்சொல்லைத் தாமே பிறரிடம் பகிர்ந்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு முழுவதும் வாடிக்கையாளரையே சாரும்.

இன்றே செய்துவைக்க வேண்டியவை

*சிம் பூட்டு:* திரைப்பூட்டு கருவியை மட்டுமே காக்கும். கைபேசியைத் திருடியவர் சிம் அட்டையைக் கழற்றி வேறு கருவியில் இட்டால், கடவுச்சொற்கள் அங்கே வந்துசேரும். சிம் பூட்டு அதைத் தடுக்கிறது. நிறுவனம் அளித்த தொடக்க எண்ணைக் கேட்டறிந்த பின்னரே இதை அமையுங்கள். மூன்று முறை தவறான எண்ணை இட்டால் அட்டை பூட்டிக்கொள்ளும். அதைத் திறக்க ‘பியுகே’ எனும் எட்டு இலக்க எண் தேவைப்படும். அதையும் பத்து முறை தவறாக இட்டால் அட்டை நிலையாகவே பயனற்றுப் போகும்.

*கருவியின் அடையாள எண்:* *#06# என்று அழுத்தினால் பதினைந்து இலக்க ஐஎம்இஐ எண் திரையில் தோன்றும். அதைத் தாளில் எழுதி வையுங்கள். கைபேசி தொலைந்தால், காவல்துறையில் புகார் அளித்து, அதன் நகலுடன் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் இவ்வெண்ணைப் பதிவுசெய்து கருவியை முடக்கலாம். உங்கள் பெயரில் எத்தனை இணைப்புகள் உள்ளன என்பதையும் அதே தளத்தில் காணலாம்.

*மின்னஞ்சல் அறிவிப்பு:* குறுஞ்செய்தியுடன் மின்னஞ்சலிலும் பரிவர்த்தனை அறிவிப்பு வருமாறு வங்கியில் பதிவுசெய்யுங்கள். சிம் செயலிழந்தாலும் இவ்வழி திறந்திருக்கும்.

*எச்சரிக்கைக் குறுஞ்செய்தி:* நீங்கள் கேட்காதபோது ‘உங்கள் சிம் மாற்று விண்ணப்பம் பெறப்பட்டது’ என்று செய்தி வந்தால், அப்பொழுதே நிறுவனத்தை அழையுங்கள். தொடர்ந்து தொல்லை அழைப்புகள் வந்தாலும் கைபேசியை அணைத்துவிடாதீர்கள். சிக்னல் மறைவதை நீங்கள் கவனிக்கக்கூடாது என்பதற்காகவே அத்தகைய அழைப்புகள் செய்யப்படுவதுண்டு.

இறுதியாக ஒன்று. வங்கியின் உதவி எண், கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள், தொலைத்தொடர்பு நிறுவனத்தின் சேவை எண், 1930 ஆகியவற்றை ஒரு சிறு தாளில் எழுதி வீட்டில் அனைவரும் அறிந்த இடத்தில் வையுங்கள். கைபேசி செயலிழந்த வேளையில், கைபேசிக்குள் சேமித்து வைத்த எண்கள் நமக்கு உதவமாட்டா.