தறியின் வழித்தோன்றல்: செயற்கை நுண்ணறிவு பற்றி ஒரு பாடம்

சங்கங்களைப் பார்வையிடச் செல்லுமிடமெல்லாம் அண்மைக்காலமாக உறுப்பினர்கள் நம்மிடம் எழுப்பும் வினா ஒன்று உண்டு. செயற்கை நுண்ணறிவு என்று ஒன்று வந்திருக்கிறதாம். அது கடிதம் எழுதுகிறதாம், படம் வரைகிறதாம், சேலைக்கு மாதிரியும் போட்டுத் தருகிறதாம். இனி நம் பிழைப்பு என்னாவது என்பதே அவ்வினா. இதற்கு எதிர்காலத்தைப் பற்றிச் சோதிடம் கூறுவது நம் வேலையன்று. கடந்த காலத்தில் இத்தகைய பொறிகள் வந்தபோது யார் பெற்றனர், யார் இழந்தனர், அதனைத் தீர்மானித்தது யாது என்று ஆராய்வதே பயனுடையது. இவ்வாராய்ச்சிக்கு நெசவாளரினும் தகுதியுடையோர் இலர். ஏனெனில், கணிப்பொறியின் மூதாதையருள் ஒன்று தறியாகும்.

பிரான்சு தேசத்து லியோன் நகரில் பூவேலைப் பட்டு நெய்யும்போது, கயிறுகளை இழுத்துப் பாவிழைகளைத் தூக்கிக் கொடுக்கத் தனியே ஓர் ஆள் வேண்டியிருந்தது. 1804-ஆம் ஆண்டையொட்டி ஜோசப் மரி ஜக்கார்டு என்பார் அமைத்த பொறி அவ்வேலையைத் துளையிட்ட அட்டைகளிடம் ஒப்புவித்தது. துளையுள்ள இடத்தில் ஊசி நுழையும், கொக்கி தன்னிடத்தில் நிற்கும், இழை எழும். துளையற்ற இடத்தில் ஊசி தள்ளப்படும், இழை எழாது. ஜக்கார்டு பெட்டியின்கீழ் அமர்ந்து நெய்வோருக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் 1830-களில் திட்டமிட்ட கணக்குப் பொறிக்கு இதே வகை அட்டைகளையே பயன்படுத்தக் கருதினார். அப்பொறியைப் பற்றி 1843-இல் குறிப்புகள் வெளியிட்ட அடா லவ்லேஸ் அம்மையாரும் ஜக்கார்டு தறியை உவமையாக வைத்தே அதனை விளக்கினார். பாபேஜ் அப்பொறியைக் கட்டி முடிக்கவில்லை. கருத்து மட்டும் நிலைத்தது.

ஆயினும், அந்த அட்டைக்கும் இன்றைய செயற்கை நுண்ணறிவுக்கும் இடையே ஒரு பெரும் வேறுபாடு உண்டு. மாதிரியை வரைந்து அட்டையில் துளையிட்டவர் இன்னாரென்று தெரியும். அவர் அதற்குக் கூலி பெற்றார். இன்றைய பொறிக்கு எவரும் துளையிட்டுக் கொடுப்பதில்லை. மக்கள் எழுதியவற்றையும் வரைந்தவற்றையும் கோடிக்கணக்கில் அதனுள் செலுத்தி, எதனையடுத்து எது வரும், எதனோடு எது பொருந்தும் என்னும் ஒழுங்கை அது தானே கணக்கிட்டுக்கொள்ளும்படி செய்கின்றனர். 2022 நவம்பரில் வெளிவந்த சாட்ஜிபிடி முதலாயின இவ்வகையின. அவ்வாறு செலுத்தப்பட்டவற்றை ஆக்கியோர் மிகப் பலர். அவர்களுட் பெரும்பாலோரை எவரும் கேட்கவுமில்லை, அவர்களுக்கு எவரும் கொடுக்கவுமில்லை. பொறியை ஆக்குவதற்கு வேண்டிய விலையுயர்ந்த சில்லுகளும், பெருமளவு மின்சாரமும், பெரும் முதலும் விரல்விட்டு எண்ணத்தக்க நிறுவனங்களிடமே உள்ளன. உழைப்பு ஊராரது, உடைமை சிலரது.

இனி இங்கிலாந்து நெசவாளரின் கதைக்கு வருவோம். எட்மண்ட் கார்ட்ரைட் விசைத்தறிக்குக் காப்புரிமை பெற்றது 1785-இல். விசைத்தறி வந்தது, கைத்தறியாளர் அழிந்தனர் என்றே நம்மில் பலர் படித்திருக்கிறோம். அது பாதி உண்மையே. போல்டன் நகரத்துக் கைத்தறி நெசவாளர் 1800-ஐ ஒட்டி வாரத்திற்கு ஏறத்தாழ 25 ஷில்லிங் ஈட்டினர். 1811 அளவில் அது சுமார் 14 ஷில்லிங்காகக் குறைந்துவிட்டது. அக்காலத்தில் விசைத்தறிகள் எத்தனை? 1813-இல் நாடு முழுவதற்கும் சுமார் 2,400 எனக் கணக்கிட்டுள்ளனர். கைத்தறியாளரோ 2 லட்சம் அளவினர். 2,400 தறிகள் 2 லட்சம் பேருடைய கூலியை இவ்வளவு சரித்திருக்க இயலாது. கூலி முதலில் சரிந்தது. விசைத்தறி பின்னரே பெருகியது. (அவை 1829-இல் சுமார் 55,500, 1833-இல் சுமார் 1,00,000.)

அவ்வாறாயின் கூலியைச் சரித்தது எது? நூற்பு யந்திரங்களால் நூல் மலிந்தது. சாதாரணப் பருத்தி நெசவு எளிதிற் கற்கத்தக்கதாகையால் வேலை தேடியோர் அதில் வந்து குவிந்தனர். வணிகர் நூல் கொடுத்துத் துணி வாங்கினர். நெசவாளர் ஒவ்வொருவரும் தனித்தனியே அவர் வாயிலில் நின்றனர். கூலி உயர்வுக்காகத் தொழிலாளர் ஒன்றுசேர்வதை 1799, 1800-ஆம் ஆண்டுச் சட்டங்கள் குற்றமாக்கியிருந்தன. குறைந்தபட்சக் கூலி வேண்டுமென்று 1808-இல் பார்லிமெண்டுக்கு விண்ணப்பித்தனர், அது தள்ளப்பட்டது. அவர்களுட் பெரும்பாலோருக்கு வாக்குரிமையும் இல்லை. 1832-ஆம் ஆண்டுச் சீர்திருத்தமும் தொழிலாளரை எட்டவில்லை. சந்தையில் பேரம் பேச வலிமையில்லை, சட்டசபையிற் பேச நாவில்லை. இந்நிலையில் உள்ளோரிடம் எப்பொறி வந்தாலும் அது அவர்களுக்கு எதிராகவே வேலை செய்யும்.

1811, 1812-இல் பொறிகளை உடைத்த லுட்டைட்டுகளைப் பேதையர் என்று ஏசுவது இன்றும் வழக்கமாக இருக்கிறது. நாட்டிங்காம் பகுதியில் அவர்கள் உடைத்த காலுறைப் பின்னற் சட்டம் புதிய பொறியன்று. ஏறத்தாழ 200 ஆண்டுகள் பழகியது. வழக்கமான கூலியைக் குறைத்தும் மட்டமான சரக்கை உற்பத்தி செய்தும் வந்த உடைமையாளரின் சட்டங்களையே அவர்கள் பெரும்பாலும் தேடி உடைத்தனர். அரசு சுமார் 12,000 படைவீரரை அனுப்பியது. 1812-இல் சட்டம் உடைப்போருக்கு மரண தண்டனை விதித்தது. கவிஞர் பைரன் பிரபுக்கள் சபையில் அம்மசோதாவை எதிர்த்துப் பேசியும் பயனில்லை.

நாளடைவில் எல்லோரும் நன்மையடைந்தனர் என்று பொருளாதார ஆசிரியர் சிலர் கூறுவர். இங்கிலாந்துத் தொழிலாளரின் மெய்க்கூலி ஐயத்திற்கிடமின்றி உயரத் தொடங்கியது 1840-களுக்குப் பின்னரே. 1810-இல் தறியில் இருந்தவருக்கு அதனால் விளைந்த நன்மை யாது? 2024-இல் நோபல் பரிசு பெற்ற டாரன் அசிமோக்லு, சைமன் ஜான்சன் ஆகிய இருவரும் 2023-இல் வெளியிட்ட நூலில் இதனையே வற்புறுத்துகின்றனர்: புதுப்பொறியின் பலன் தானாகவே பரவுவதில்லை, அதிகாரம் எங்கே குவிந்திருக்கிறதோ அங்கேயே அதுவும் தங்கும்.

கூட்டுறவாளர் இதற்கு ஒரு விடை கண்டனர் அல்லவா? 1844 டிசம்பரில் ராக்டேல் நகரில் 28 பேர் 28 பவுன் முதலுடன் கடை திறந்த வரலாறு நம் உறுப்பினர் அறிந்ததே. அவர்களுள் நெசவாளரும் இருந்தனர். அறியப்படாதது அதன் தொடர்ச்சி. அவ்வூர்க் கூட்டுறவாளர் 1854-இல் ஆலைத் தொழிலுக்கும் ஒரு சங்கம் கண்டனர். இலாபத்தில் பங்குதாரருக்கு மட்டுமின்றி ஆலையில் உழைப்போருக்கும் ஒரு பங்கு என்பது அதன் ஏற்பாடு. ஆலையை விரிவாக்க முதல் வேண்டியிருந்தது. பங்கு வாங்கப் புதியோர் பலர் வந்தனர். அவருட் பெரும்பாலோர் ஆலையில் உழைப்பவரல்லர். 1862-இல் அவர்கள் வாக்களித்து உழைப்போரின் பங்கை நீக்கிவிட்டனர். பொறி கூட்டுறவின் உடைமையாகவே இருந்தது. பதிவேடுகளும் ஒழுங்காகவே இருந்திருக்கும். எனினும் உழைத்தவர் கைக்கு வந்தது கூலி மட்டுமே. தணிக்கையில் குறையில்லை என்று எழுதிவிட்டு வருவது எவ்வளவு குறைவான வேலை என்பதை இவ்வரலாறு நமக்கு உணர்த்துகிறது.

இக்காலத்து எடுத்துக்காட்டு ஒன்றும் காண்போம். அமெரிக்காவில் திரைப்படம், தொலைக்காட்சி எழுத்தாளர் சங்கத்தினர் 2023-இல் 148 நாள் வேலை நிறுத்தம் செய்தனர். செயற்கை நுண்ணறிவைத் தடைசெய்ய வேண்டுமென அவர்கள் கேட்கவில்லை. பொறி எழுதியதைத் திருத்தும்படி கொடுத்தால் அதனை மறைக்காமல் சொல்ல வேண்டும், பொறியைப் பயன்படுத்துமாறு எழுத்தாளரைக் கட்டாயப்படுத்தக் கூடாது, பொறியை ஆசிரியராகக் கொண்டு இவர்களது ஊதியத்தைக் குறைக்கக் கூடாது என்னும் நிபந்தனைகளை ஒப்பந்தத்தில் ஏற்றினர். 1808-இல் மான்செஸ்டர் பக்கத்து நெசவாளருக்குக் கிட்டாதது இவர்களுக்குக் கிட்டியது. அறிவினால் இவர்கள் மேலானவர் என்பதனாலன்று; ஒன்றுசேரும் உரிமை சட்டத்தில் இருந்தது, ஒன்றுசேர்ந்தும் இருந்தனர். நம் நாட்டிலும் குறிப்பிட்ட சில துணி வகைகளைக் கைத்தறிக்கே ஒதுக்கும் சட்டம் 1985-இல் இயற்றப்பட்டது. அதனை மீறுவோர் உண்டு என்பது வேறு செய்தி.

பயிரிடும் உறுப்பினரும் இதனைத் தமக்குப் புறம்பானதென்று கருத வேண்டா. கைபேசியில் பயிரின் படத்தை அனுப்பினால் நோயையும் மருந்தையும் சொல்லும் வசதி வந்துள்ளது; நல்லதே. ஆனால் ஒரு வட்டாரத்து வயல்களின் படமெல்லாம் ஓரிடத்திற் சேருமாயின், விளைச்சல் எவ்வளவு, எந்த வாரத்தில் அறுவடை என்பது விவசாயி மூட்டை கட்டுமுன்பே அங்கே தெரிந்துவிடும். அவ்விடம் கொள்முதல் செய்வோரின் அலுவலகமாகவும் இருந்தால், பேரத்தில் யார் கை ஓங்கும் என்பதை நாம் சொல்ல வேண்டுவதில்லை. அதே விவரம் சங்கத்தின் கையில் இருப்பின், பேரத்தின் போக்கே வேறு.

நெசவாளர் சங்கம் ஒன்றில் இதையொத்த செய்தி நம் பார்வைக்கு வந்தது. சங்கத்தின் பழைய கரை, புட்டா, முந்தானை மாதிரிகள் அனைத்தையும் படமெடுத்துக்கொள்ள நிறுவனம் ஒன்று அனுமதி கோரியிருந்தது. பதிலுக்குப் புதிய மாதிரி வரையும் வசதியைச் சங்கத்திற்கு ஓராண்டு இலவசமாகத் தருவதாக எழுதியிருந்தது. ஓராண்டிற்குப் பின் என்ன கட்டணம், அம்மாதிரிகளைக் கற்ற பொறி வேறு எவருக்கு வரைந்து கொடுக்கும் என்பன பற்றி அக்கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. நிர்வாகக் குழு கையொப்பமிடும் நிலையில் இருந்தது. மூத்த உறுப்பினர் ஒருவர், மாதிரிகள் குழுவின் உடைமையல்ல, உறுப்பினரின் உடைமை என்று கூறிப் பொருளைப் பொதுக்குழுவிற்குக் கொண்டுவரச் செய்தார். பயன்பாட்டுக் காலம், பிறர்க்கு வழங்கத் தடை, வரும் வருவாயில் மாதிரி போட்டவருக்கும் நெய்தவருக்கும் பங்கு ஆகியவற்றைக் கேட்டு எழுதத் தீர்மானம் நிறைவேறியது. நிறுவனத்தின் மறுமொழி இன்னும் வரவில்லை. மாதிரிப் புத்தகங்கள் சங்கத்து அலமாரியில் உள்ளன. அவற்றை எண்ணிட்டுப் பட்டியல் எழுதும் வேலை அச்சங்கத்தில் இம்மாதம் தொடங்கியிருக்கிறது.