உளச்சோதனை நடாத்தப் பழகுதல்

உடற்சூட்டை அளக்க வெப்பமானி உண்டு. உளத்திறனை அளக்கவும் கருவிகள் உண்டு. ஆயின் அவற்றுட் பாதி, அவற்றைக் கையாளும் மனிதனே. பயிலுநராயிருந்த காலத்து இவ்வுண்மையை நான் அறிந்த வகையை, இத்துறையிற் புக விரும்பும் இளைய மாணாக்கர் பொருட்டு எழுதுகின்றேன்.

1905ஆம் ஆண்டில் பிரான்சிய அறிஞர் அல்பிரட் பினே, தியோடர் சிமோனுடன் கூடி நுண்மதிச் சோதனை ஒன்றை வெளியிட்டார். பாடசாலையிற் பின்தங்கிய பிள்ளைகளுள் எவர்க்குத் தனியுதவி வேண்டும் என அறிதற்கே அது எழுந்தது. எவரையும் ஒதுக்குதற்கு அன்று. எழுத்தறியாதார்க்கும் ஏற்ற ஐந்து பகுதிச் செயற்சோதனைத் தொகுதியைப் பாட்டியா என்பார் 1955இல் இந்தியாவில் அளித்தார்.

பயிலுநர் முதலிற் கற்பன சில விதிகள். கைந்நூலிலுள்ள சொற்களையே சொல்லுதல் வேண்டும். விடை சரியாயினும் பிழையாயினும் முகக்குறி காட்டலாகாது. பிள்ளை கூறியதைக் கூறியவாறே எழுதுதல் வேண்டும். வினாக்களை வெளியார்க்கு உரைத்தலும் ஆகாது. ஆதலின் அவற்றை இங்கும் எழுதேன். இவ்விதிகளின்றி ஒருவர் புள்ளியை மற்றொருவர் புள்ளியோடு ஒப்பிடல் இயலாது.

கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்படுவதற்கு முந்திய காலம். துறை கடந்து ஒரு தாய் தன் பத்து வயது மகனைத் திருகோணமலைக்கு அழைத்து வந்தார். அவன் மந்தபுத்தியுடையான் எனப் பாடசாலையிற் சொல்லிவிட்டனராம். எண்களைச் செக்கனுக்கு ஒன்றாகச் சொல்லி, திருப்பிச் சொல்லுமாறு கேட்டேன். அவன் தடுமாறினான். மீண்டும் சொல்லலாகாது என்பது விதி, நான் சொல்லவில்லை. தாழ்ந்த புள்ளியை எழுதி முடித்தேன்.

அருகிருந்த என் ஆசிரியர் மெல்லக் கூறினார்: "விதியைக் காத்தீர், பிள்ளையைப் பார்த்தீரா? ஒவ்வொரு முறையும் வலச் செவியையே உம்பக்கம் திருப்பினானே!"

நாணினேன். பார்வையும் கேள்வியும் செம்மையாயுள்ளனவா என்று முன்னரே வினவுதல் என் கடமை, அதனை மறந்தேன். சிறுவனைச் செவி மருத்துவரிடம் அனுப்பினோம். சிகிச்சைக்குப்பின் சில மாதம் கழித்து, வேறொரு சோதனையால் ஆராய்ந்தபோது, அவன் தன் வயதினரின் நிரலிலேயே நின்றான். "அப்ப இவனுக்குப் புத்தி குறைவில்லையா, சேர்?" என்று கேட்ட அவ்வும்மாவின் குரல் இன்றும் என் செவியில் உள்ளது.

இன்னொன்றும் அறிக. சராசரி 100, நியம விலகல் 15 எனக் கொள்ளும் சோதனையில், ஏறத்தாழ மூவருள் இருவர் 85க்கும் 115க்கும் இடையில் அமைவர். அந்நியமம் எந்நாட்டுப் பிள்ளைகளை அளந்து பெற்றது என்று கேட்டல் வேண்டும். வேற்றுநாட்டு நியமத்தைக் கொட்டியாரக்குடாக் கரையில் வளரும் பிள்ளைக்கு ஆராயாது பொருத்துதல் தகாது. எந்த அளவிலும் வழுவுண்டு. ஆகவே ஈவை ஒற்றை எண்ணாகக் கொள்ளாது ஒரு வீச்சாகவே கூறுதல் நேர்மை.

அன்று நான் எழுதிய புள்ளி அப்படியே நின்றிருப்பின், ஒரு சிறுவனின் கல்வி அங்கேயே முடிந்திருக்கும். விதியை மனனஞ் செய்யச் சில வாரம் போதும். எதிரே இருப்பவனைக் காண ஆயுள் முழுதும் பழகல் வேண்டும்.